வாகனக் காப்புறுதி மதிப்பீட்டாளர் எதைப் பார்க்கிறார்?

வாகனம் இல்லாமல் வியாபாரம் இல்லை என்ற நிலைக்கு நாம் வந்து பல வருடங்களாகிவிட்டன. ஹார்ட்வெயார் கடைக்கு ஒரு கென்டர், பலசரக்குக் கடைக்கு ஒரு டிமோ பட்டா, புடவை வியாபாரிக்கு ஒரு வேன் என்று சிறு முதலாளிமாரிடமும் ஒரு வாகனமாவது நிற்கிறது. அதற்கு வருடாவருடம் காப்புறுதிக் கட்டுப்பணமும் கட்டுகிறோம். ஆனால் விபத்துக்குப் பிறகு கைக்கு வரும் காசோலையைப் பார்த்துத் திருப்திப்பட்டவரை நான் அதிகம் கண்டதில்லை. "பத்து இலட்சம் செலவு, ஐந்து இலட்சம்தான் தந்தார்கள், இன்ஷூரன்ஸ்காரர் எல்லாம் கள்ளர்" என்பதே கடைத்தெருவில் கேட்கும் வழமையான பேச்சு.

மீதி ஐந்து இலட்சம் எங்கே போனது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். விபத்து நடந்த இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, நாலு பக்கமும் படம் பிடித்து, ஒரு படிவத்தை நிரப்பிக் கையொப்பம் வாங்கிப் போனாரே, அவர்தான். ஏட்டில் அவருக்குப் பெயர் இழப்பு மதிப்பீட்டாளர். நமது ஆட்கள் அசெஸர் என்பார்கள். அவருடைய தொழில் என்ன, அவர் எதைப் பார்த்து எதை எழுதுகிறார் என்பது தெரிந்தால், நமக்குக் குறைந்த பணத்தில் எவ்வளவு அவரால் குறைந்தது, எவ்வளவு நம்மால் குறைந்தது என்பது விளங்கிவிடும்.

அவர் யாருடைய ஆள்?

மதிப்பீட்டாளர்களில் இரு வகையினர் உள்ளனர். ஒரு சாரார் காப்புறுதிக் கம்பனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். மற்றவர்கள் சுயமாகத் தொழில் செய்பவர்கள். கம்பனி அழைக்கும்போது சென்று பார்த்து, பார்வையொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுபவர்கள். எப்படியிருந்தாலும் அவருக்குப் பணம் கொடுப்பது கம்பனிதான். ஆகவே அவர் நமது வக்கீல் அல்லர். அதேநேரம் கம்பனியின் பணத்தை மிச்சப்படுத்துவதற்காகவே அனுப்பப்பட்டவர் என்று எண்ணுவதும் பிழை. நடந்த சேதத்தைச் சரியாக அளந்து அறிக்கை எழுதுவதே அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. குறைத்து எழுதினால் வாடிக்கையாளரின் முறைப்பாடு வரும். கூட்டி எழுதினால் கம்பனியின் கணக்காய்வு வரும். இரண்டுக்கும் நடுவில் நின்று தொழில் செய்வது இலேசான காரியமல்ல. அதிலும் கராஜ்காரர் நீட்டும் கடித உறையும், "நம்ம ஆள்தான், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று வரும் பெரிய இடத்துத் தொலைபேசி அழைப்பும் அவருக்குப் புதியவை அல்ல. சிலர் வாங்குகிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. வாங்காதவர்களையும் நான் அறிவேன்.

அவர் அறிக்கையில் பதில் எழுத வேண்டிய கேள்விகள் மூன்று. சொல்லப்பட்ட விதமாகத்தான் விபத்து நடந்ததா? பொலிசியின் நிபந்தனைகளுக்குள் அது வருகிறதா? வருமானால் எவ்வளவு கொடுக்க வேண்டும்? பணத்தைப் பற்றி மூன்றாவது கேள்வியில்தான் பேச்சு வருகிறது. நாமோ முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதில் மட்டும் அவரோடு சண்டை பிடிக்கிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அது நமது வாகனத்தால் மற்றவருக்கு நேரும் உயிரிழப்பு, காயம் போன்றவற்றுக்கானது. மூன்றாம் தரப்பு மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, நமது வாகனம் நொறுங்கியதற்கு மதிப்பீட்டாளரை அழைத்துப் பிரயோசனமில்லை. இனி நான் சொல்பவை முழுமையான காப்புறுதி எடுத்தவர்களுக்கே.

முதல் ஒரு மணித்தியாலம்

விபத்து நடந்ததும் வாகனத்தை அசைக்காமல் கம்பனியின் இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. வாகனங்கள் நிற்கும் கோணம், வீதியில் டயர் இழுபட்ட அடையாளம், சிதறிய கண்ணாடி கிடக்கும் இடம் ஆகியவை மதிப்பீட்டாளருக்குச் சாட்சிகள். கடுகண்ணாவை வளைவில் லொறி சறுக்கியதா, பின்னால் வந்த பஸ் தள்ளியதா என்பதை அவை சொல்லும். வீதி அடைபட்டு வாகனத்தை ஓரங்கட்ட நேர்ந்தால், அதற்கு முன் கையடக்கத் தொலைபேசியில் பத்துப் படமாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி சாரதிக்குப் பழக்கி வையுங்கள். இப்போது சிறிய சேதங்களுக்குப் படம் அல்லது வீடியோ அழைப்பு மூலமே பார்த்து முடிவு செய்யும் கம்பனிகளும் உள்ளன. அவற்றிலும் படம்தான் சாட்சி.

நமது ஆட்கள் வீதியிலேயே பேசித் தீர்ப்பதில் வல்லவர்கள். மோதியவர் நல்ல மனிதராக இருந்தால் முப்பதாயிரம் ரூபாவைக் கையில் வாங்கிக்கொண்டு "சரி போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். மறுநாள் கராஜில் கழற்றிப் பார்த்தால் சேதம் மூன்று இலட்சம். உடனே காப்புறுதி ஞாபகத்துக்கு வரும். இங்கே ஒரு சட்ட விடயம் இருக்கிறது. நமக்குப் பணம் கொடுத்த பிறகு, பிழை செய்த மற்றவரிடமிருந்து அந்தப் பணத்தை அறவிடும் உரிமை கம்பனிக்குச் சேர்கிறது. நாம் முன்கூட்டியே காசை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்துவிட்டால் அந்த உரிமையை நாமே இல்லாமலாக்கிவிட்டோம். கம்பனி கையை விரித்தால் அதில் அநியாயம் எதுவுமில்லை.

கையொப்பமிடும் கடுதாசி

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது சாரதியின் வாக்குமூலத்தைப் பற்றித்தான். சம்பவ இடத்தில் நிரப்பப்படும் படிவத்தில் விபத்து எப்படி நடந்தது என்று எழுத ஓர் இடம் இருக்கும். வரைபடம் கீறவும் இடமிருக்கும். நமது சாரதி பதற்றத்தில் இருப்பார். சுற்றி ஆட்கள் கூடியிருப்பார்கள். மதிப்பீட்டாளர் கேட்டுக் கேட்டு, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தானே எழுதிக்கொண்டு, "இதில் சைன் போடுங்கள்" என்பார். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே சாரதி கையொப்பம் வைத்துவிட்டு வந்து முதலாளியிடம் "எல்லாம் சரி" என்பார்.

அந்தக் கடுதாசிதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படை. "மாடு குறுக்கே வந்தது, ப்ரேக் அடித்தேன், சறுக்கியது" என்று இவர் சொன்னது, "வேகமாக வந்து கட்டுப்பாட்டை இழந்தார்" என்று அங்கே எழுதப்பட்டிருக்கலாம். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் வேறு மொழியில் சுருக்கி எழுதும்போது நேர்வதுதான். பின்னர் நாம் கோரிக்கைப் படிவத்தில் எழுதுவதும், பொலிஸில் கொடுத்த முறைப்பாடும், இந்தக் கடுதாசியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கோப்பு அப்படியே நின்றுவிடும்.

ஆகவே சாரதிக்குச் சொல்லிக்கொடுங்கள்: வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிட வேண்டும். முடிந்தால் தமிழில் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கலாம். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. தமிழில் எழுதியதற்காக ஒரு கோரிக்கையை நிராகரிக்க எந்தக் கம்பனிக்கும் முகமிருக்காது. படிவத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பழைய காயமும் புதிய காயமும்

இரண்டாவது பார்வை கராஜில் நடக்கும். பாஸ் ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் கொடுப்பார். மதிப்பீட்டாளர் அதை வரிக்கு வரி பார்ப்பார். இந்த இடத்தில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். "வண்டி எப்படியும் பெயின்ட் அடிக்கப் போகிறது, அந்தப் பக்கக் கதவின் நெளிவையும் இதோடு போட்டுவிடுவோம்" என்ற யோசனை கராஜிலிருந்தே வரும். முதலாளியும் பேசாமல் இருந்துவிடுவார்.

இருபது வருடம் இந்தத் தொழில் பார்த்த ஒருவரோடு தேநீர் குடிக்கும்போது கேட்டிருக்கிறேன். பழையதா புதியதா என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். புதிய கீறலில் தகரம் பளபளவென்றிருக்கும். பழையதில் துருவின் நிறம் ஏறியிருக்கும். பழைய நெளிவுக்குள் மெழுகும் தூசும் படிந்திருக்கும். உடைந்த ஹெட்லைட்டுக்குள் காய்ந்த சேறு இருந்தால் அது நேற்று உடைந்ததல்ல. அடுத்து உயரம். மோதியது மோட்டார் சைக்கிள் என்றால் அதன் சில் எந்த உயரத்தில் படும் என்று அவருக்குத் தெரியும். கூரைக்குக் கீழே உள்ள கீறலுக்கு மோட்டார் சைக்கிளைக் காரணம் காட்டினால் அவர் சிரிக்க மாட்டார், குறித்துக்கொள்வார்.

சாரதியை மாற்றிச் சொல்வது இதைவிடப் பாரதூரமானது. அனுமதிப்பத்திரம் இல்லாத மகன் ஓட்டிக்கொண்டு போய் மோதியிருப்பான். வாப்பா போய் "நான்தான் ஓட்டினேன்" என்பார். ஆசனம் முன்னால் இழுக்கப்பட்டிருப்பதையும், ஓட்டியதாகச் சொல்பவர் ஆறடி உயரத்தில் நிற்பதையும் மதிப்பீட்டாளர் பார்ப்பார். அருகிலுள்ள கடையில் கெமரா இருக்கிறதா என்றும் பார்ப்பார். இன்று கெமரா இல்லாத கடை எது? பொய் வெளிப்பட்டால் அந்த ஒரு பகுதி மட்டும் வெட்டுப்படாது. கோரிக்கை முழுவதையும் நிராகரிக்கும் உரிமை கம்பனிக்கு உண்டு. காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பாரும் ஒன்றையும் மறைக்காமல் இருக்க வேண்டும் என்ற அடிப்படையில் செய்யப்படுவது என்பதே காரணம். காயப்பட்டவர் ஒருவர் இருந்தால் விடயம் நீதிமன்றம் வரை செல்லும். அங்கே சொல்லும் பொய் வேறு கணக்கு.

1999இல் அமானா தகாஃபுல் தொடங்கியதிலிருந்து நம்மில் பலர் வட்டியைத் தவிர்ப்பதற்காக தகாஃபுல் முறைக்கு மாறியிருக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் அங்கே சேருகின்ற பணம் பங்குபற்றுபவர்களின் பொது நிதி என்பதை மறந்துவிடுகிறோம். உங்கள் பழைய கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் பணம் உங்களைப் போன்ற இன்னொரு வியாபாரி கொடுத்த நன்கொடையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஹலாலைத் தேடிப் போன இடத்தில் இதைச் செய்பவர்களை என்னவென்று சொல்வது?

பணம் எங்கே குறைகிறது?

இனி மூன்றாவது கேள்வி. பத்து இலட்சத்தில் ஐந்து இலட்சம் போன வழியைப் பார்ப்போம்.

மிகப் பெரிய வெட்டு விழுவது காப்புறுதிப் பெறுமதி குறைவாக இருக்கும்போதுதான். இதற்கு ஆங்கிலத்தில் எவரேஜ் என்பார்கள். வாகனத்தின் இன்றைய சந்தைப் பெறுமதி எவ்வளவோ அந்தத் தொகைக்குக் காப்புறுதி செய்திருக்க வேண்டும். பாதிப் பெறுமதிக்குச் செய்திருந்தால் மறுபாதிக்கு நீங்களே காப்புறுதியாளர் என்று கணக்கெடுப்பார்கள். சிறிய சேதத்துக்கும் இதே விகிதம்தான். வேனின் சந்தை விலை 80 இலட்சம், பொலிசியில் போட்டிருப்பது 40 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். சேதம் 10 இலட்சம் என்று மதிப்பீட்டாளர் ஒப்புக்கொள்கிறார். கிடைப்பது 5 இலட்சம். "நான் 40 இலட்சத்துக்குப் போட்டிருக்கிறேன், 10 இலட்சம்தானே கேட்கிறேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

இந்த நாட்டில் இது கொஞ்சப் பேரைப் பாதித்த விடயமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. டொலர் ஒன்று 200 ரூபாவளவில் இருந்து சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாகனத்தை விற்கப் போகும்போது அந்த விலையைச் சொல்லத் தெரிந்த நமக்கு, பொலிசியைப் புதுப்பிக்கும்போது மட்டும் 2019ஆம் ஆண்டு விலையே ஞாபகத்துக்கு வந்தது. கட்டுப்பணம் கூடிவிடும் என்ற பயம். முகவரும் வாடிக்கையாளரை இழக்காமலிருக்க "அதே பெறுமதிக்கே போட்டுவிடுவோம் ஹாஜியார்" என்று சொல்லியிருப்பார். விபத்தன்று அந்த முகவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

குறிப்பிட்ட வீதம் வரை குறைவு இருந்தால் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை என்று சலுகை கொடுக்கும் பொலிசிகளும் இருக்கின்றன. உங்களுடையதில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். பெறுமதியை வருட நடுவிலும் கூட்டலாம். மீதிக் காலத்துக்குரிய கட்டுப்பணத்தைக் கட்டினால் போதும். அதிகமாகக் கூட்டி வைப்பதிலும் இலாபமில்லை. முழு நட்டமானாலும் சந்தைப் பெறுமதிக்கு மேல் கிடைக்காது. கூட்டியதற்கான கட்டுப்பணம்தான் வீண்.

அடுத்தது எக்ஸஸ். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் இவ்வளவு ரூபா உங்கள் பொறுப்பு என்று பொலிசியில் இருக்கும். அனுபவம் குறைந்த சாரதி என்றால் அது கூடலாம். பிறகு தேய்மானம். ஐந்து வருடம் ஓடிய டயருக்கும் பெட்டரிக்கும் பதிலாகப் புதியது போட்டால், வித்தியாசத்தை உங்களிடம் கேட்பார்கள். இழந்ததைத் திருப்பித் தருவதுதான் காப்புறுதி. இருந்ததைவிட நல்லதாக்கித் தருவது அதன் வேலையல்ல என்பது அவர்கள் நியாயம். இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பாகத்துக்கு எத்தனை வீதம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தராமல் காசோலை வரும்போது மட்டும் கழித்துக் காட்டும் வழக்கத்தை ஏற்க முடியாது.

பாகங்களின் விலையிலும் இழுபறி வரும். பாஸ் ஏஜென்டின் புதிய பார்ட்ஸ் விலையைப் போட்டிருப்பார். மதிப்பீட்டாளருக்குப் பஞ்சிகாவத்தையில் அதே கதவு, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கதவு, என்ன விலை என்று தெரியும். பழைய வாகனமென்றால் அந்த விலையைத்தான் ஒப்புக்கொள்வார். பம்பரை மாற்ற வேண்டும் என்று பாஸ் சொல்வதை, ஒட்டிச் செய்யலாம் என்று இவர் சொல்வார். இதில் நாம் வாய்மூடி நிற்கத் தேவையில்லை. பஞ்சிகாவத்தையில் இரண்டு கடையில் விலை கேட்டு எழுத்தில் வாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் பார்ப்பார்கள். வியாபாரிகளான நமக்கு விலை கேட்கத் தெரியாதா என்ன! மேலும் ஒன்று: கழற்றிய பிறகு உள்ளே புதிய சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு மீண்டும் மதிப்பீட்டாளரை அழைக்க வேண்டும். செய்து முடித்துவிட்டுப் பில்லைக் காட்டினால் அவர் காணாத சேதத்துக்குப் பணம் எழுத மாட்டார். மாற்றிய பழைய பாகங்களையும் கராஜிலிருந்து தூக்கி எறியவோ விற்கவோ விடாதீர்கள். அவற்றுக்குப் பணம் கொடுத்தால் அவை கம்பனிக்குரியவை, கேட்டு வருவார்கள்.

லீசிங்கில் உள்ள வாகனம் முழு நட்டமானால் காசோலை முதலில் லீசிங் கம்பனிக்குத்தான் போகும். அவர்களுடைய நிலுவை போக மிஞ்சினால் உங்களுக்கு. பெறுமதி குறைத்துப் போட்ட வாகனத்தில் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது. வாகனமும் போய், கடனும் நிற்கும். இப்படி அகப்பட்டு இரண்டு வருடம் லொறி இல்லாமல் தவணை கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

பொலிசிக்குள் வராதவை

இரண்டாவது கேள்வியை கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அதில்தான் நமது சமூகத்து வியாபாரிகள் அதிகம் கவனிக்க வேண்டிய விடயங்கள் உள்ளன.

லொறிக் காப்புறுதி லொறிக்கு மட்டுமே. ஏற்றிய சீமெந்துக்கும் அரிசிக்கும் அது பொறுப்பல்ல. பொருட்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும். தனிப்பட்ட பாவனைக்கு என்று பதிந்த வேனில் பாடசாலைப் பிள்ளைகளைக் கூலிக்கு ஏற்றினால், அல்லது ஹயருக்கு விட்டால், விபத்தன்று கோரிக்கை நிற்காது. கனரக வாகனத்தை அதற்குரிய வகுப்பு அனுமதிப்பத்திரம் இல்லாத சாரதி ஓட்டினாலும் அப்படியே. மதிப்பீட்டாளர் சாரதியின் அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். வேலைக்கு எடுக்கும்போது நாமும் அதைத் திருப்பிப் பார்க்கலாம்.

வெள்ளம் இன்னொன்று. அக்குறணை வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிங்கா ஓயா பெருகினால் கடையும் வாகனமும் ஒன்றாக நீரில் நிற்கும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் எத்தனை வாகனங்கள் தண்ணீரில் நின்றன! பல பொலிசிகளில் இயற்கை அனர்த்தம் மேலதிகக் கட்டுப்பணம் கட்டிச் சேர்க்க வேண்டிய ஒன்று. சேர்த்திருந்தாலும் ஒரு காரியத்தால் அதை நாமே கெடுத்துவிடலாம். தண்ணீர் வடிந்ததும் ஆவலில் சாவியைத் திருப்புவதுதான் அது. தண்ணீர் புகுந்த என்ஜின் சுற்றும்போது தண்ணீர் அமுங்காது. உள்ளே கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். கழற்றிப் பார்க்கும் மதிப்பீட்டாளர் வளைந்த ரொட்டைக் கண்டதும், இது வெள்ளத்தால் வந்ததல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று எழுதுவார். நனைந்த வாகனத்தின் பெட்டரியைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டே கராஜுக்குப் போக வேண்டும்.

கலவரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1983 கலவரத்தின் நட்டங்களுக்குப் பிறகு, வேலைநிறுத்தம், கலகம், குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு 1987இல் அரசாங்கம் தனி நிதியமொன்றை ஏற்படுத்தியது. இன்று அதை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். நாம் கட்டுப்பணத்தோடு சேர்த்துக் கட்டும் ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. அது சேர்க்கப்படாத பொலிசியில், கும்பல் எரித்த வாகனத்துக்கு ஒரு சதமும் வராது. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மேயில் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் எரிந்தவை கடைகள் மட்டுமல்ல. முழுமையான காப்புறுதி என்ற பெயரைப் பார்த்து எல்லாம் அடக்கம் என்று எண்ணிவிடாமல், உங்கள் அட்டவணைப் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்க முகவர்கள் முதலில் வெட்டுவது இந்த வரியைத்தான்.

நமது பிள்ளைகளுக்கு

இது நமது இளைஞர்கள் எட்டியும் பார்க்காத தொழில். மொறட்டுவையிலுள்ள ஜேர்மன் டெக் போன்ற இடத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, இலங்கை காப்புறுதி நிறுவகத்தின் பரீட்சைகளையும் எழுதினால் நுழைய வழி இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் இரவு இரண்டு மணிக்கும் போக வேண்டிய வேலை. ஆரம்பச் சம்பளமும் பெரிதல்ல. ஆனால் கராஜில் கையில் எண்ணெய் பட வேலை செய்து, சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்த ஒருவருக்கு இதில் போட்டி குறைவு. மேலே சொன்ன வாக்குமூலச் சிக்கலை நினைத்துப் பாருங்கள். தமிழில் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளும் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து நின்றால் எத்தனை கோப்புகள் தடையில்லாமல் போகும்!

தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால்

சத்தம் போடுவதால் தொகை கூடாது. எந்த வரியில் எவ்வளவு கழிக்கப்பட்டது, எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். எவரேஜ் கணக்கென்றால், வாகனத்தின் சந்தைப் பெறுமதியை எப்படி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். அதே வருட, அதே மாதிரி வாகனத்துக்குப் பத்திரிகையில் வந்த விளம்பரங்களை வெட்டி இணைத்து, அவர்கள் எடுத்த விலை கூடுதலென்று காட்ட முடிந்தால் வெட்டும் குறையும். கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவிலிருந்து சரியான பதில் வராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இந்தப் பதவி 2005ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். இரு இடத்திலும் முதலில் கேட்பது கம்பனிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தையும் அவர்கள் தந்த பதிலையும்தான். ஆகவே தொலைபேசியில் பேசியதோடு நிறுத்தாமல், கோரிக்கை இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள்.